பழைய ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? கேஸைக் கடைசியாகப் பாருங்கள்

பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் அது பதினான்கு வருஷமாக பீரோவாகத்தான் இருந்தது. மேல் தட்டில் பழைய ரசீதுகள், நடுவில் காடாத்துணி சுற்றிய கொலு பொம்மைகள், கீழே காய்கறி ட்ரேயில் ஊதுபத்திக் கட்டும் கற்பூரமும். 165 லிட்டர், ஒற்றைக் கதவு, இளநீலம், தூக்க நான்கு பேர் வேண்டும். வீட்டை இடிக்கப் போகிறோம், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தபோது நான் வண்டி பிடித்து எடுத்து வந்துவிட்டேன். பார்க்க வந்த முதல் மெக்கானிக் ப்ளக்கைக்கூட மாட்டவில்லை, பின்பக்கம் ஒரு தட்டு தட்டிவிட்டு "கேஸ் போயிருச்சு சார், மூவாயிரம் ஆகும்" என்றார். கேஸ் போகவே இல்லை. மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிவிடும் ரிலே கருகியிருந்தது, குளிரைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் செத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்தேன். உள்ளே இருந்த கற்பூர வாசனை போகத்தான் ஒரு மாதம் ஆனது.

கேஸ் என்பது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்து போவதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்காகச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டை இல்லையென்றால் குறைய வழியில்லை. பழைய ஃப்ரிட்ஜில் அந்த மூடிய பகுதிதான் இருப்பதிலேயே கெட்டியான பகுதி. அதை முதலில் திறப்பவர், நன்றாக இருக்கும் ஒன்றுக்குள் காற்றையும் ஈரத்தையும் விட்டுவிட்டு அப்புறம் பணமும் வாங்கிக்கொண்டு போகிறார். அதனால் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கேஸ்.

நான் சொல்வதெல்லாம் 1960களிலிருந்து 90களின் நடுப்பகுதி வரை நம் ஊர் வீடுகளுக்கு வந்த ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்கு. கோத்ரெஜ் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் தயாரிக்க ஆரம்பித்தது 1958-ல், அதன்பிறகு ஆல்வின், கெல்வினேட்டர் என்று வரிசையாக வந்தவை எல்லாம் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான். பின்பக்கமோ கதவின் உள்விளிம்பிலோ ஒரு தகடு இருக்கும், அதில் ஆர்-12 என்று கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அடித்திருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதைவிடப் பழசு, தலைமேல் வட்ட டப்பா மாதிரி கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் மோட்டார்) உட்கார்ந்திருக்கும் 1927-ல் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக் மாடல் போன்றது கையில் சிக்கினால் அதன் குழாயைத் தொடவே தொடாதீர்கள், உள்ளே இருப்பது சல்ஃபர் டைஆக்ஸைடு, ஒரு மூச்சு இழுத்தாலே நெஞ்சு அடைக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய ஃப்ரிட்ஜ் என்றால் அதற்குக் கம்ப்ரசரே கிடையாது, அம்மோனியாவைச் சூடாக்கி ஓட்டுவது, அது வேறு கதை.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டு வந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள், கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும், அது இறங்கட்டும். அந்த நேரத்தில் பின்பக்க வேலையைப் பார்க்கலாம். கறுப்பு ஜல்லடை மாதிரி இருக்கிறதே, அதுதான் கன்டென்சர், உள்ளே இருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே விடுவது அதுதான். அதில் ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் கம்பளி மாதிரி படிந்திருக்கும், பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடையுங்கள். கம்பியைக் கொண்டு சுரண்ட வேண்டாம். சுவரிலிருந்து நான்கைந்து அங்குலமாவது தள்ளி நிற்க வேண்டும். இந்த ஒரு வேலையிலேயே "குளிர் பத்தலை" என்ற புகார் பாதி வீடுகளில் தீர்ந்துவிடும்.

அடுத்தது ஒயர். அந்தக் கால ஒயரின் ரப்பர் உறை அப்பளம் மாதிரி நொறுங்கும், எலி வேறு தன் பங்குக்குக் கடித்திருக்கும். மூன்று கம்பி ஒயர் புதிதாகப் போட்டுவிடுங்கள், எர்த் கம்பியை பாடியில் தகரம் தெரியச் சுரண்டி போல்ட் வைத்து முடுக்குங்கள். முழுக்க முழுக்க இரும்பு உடம்பு, ஈரக்கையோடு திறப்பார்கள், இதில் சிக்கனம் கூடாது. முதல் தடவை நேராக ப்ளக்கில் சொருகாமல், தெர்மோஸ்டாட் குமிழை ஆஃபில் வைத்து, ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரீஸில், அதாவது கரண்ட் அந்தப் பல்பு வழியாகவே ஃப்ரிட்ஜுக்குப் போகும்படி, வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட், நிறுத்திவிட்டுத் தேடுங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ பயமில்லை. பல்பு வழியாக கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாது, அதை எதிர்பார்க்காதீர்கள், இது சோதனைக்கு மட்டும்.

இப்போது நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, சத்தமே இருக்காது. அல்லது "ம்ம்ம்" என்று முனகிவிட்டு சில விநாடியில் "டிக்" என்று அடங்கும், இரண்டு மூன்று நிமிஷம் கழித்து மறுபடி அதே முனகல், அதே டிக். அல்லது கம்ப்ரசர் ஜம்மென்று ஓடும், ஆனால் குளிராது. மூன்றும் மூன்று வியாதி, மருந்தும் வேறு வேறு.

சத்தமே இல்லை, ஆனால் உள்ளே லைட் எரிகிறது என்றால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். அதற்கும் முன்னால் ஒரு சின்ன விஷயம்: நிறைய பழைய மாடல்களில் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும், ஐஸ் உருகுவதற்காக அமுக்குவது. அமுக்கினால் கம்ப்ரசர் நின்றுவிடும், ஐஸ் எல்லாம் உருகிய பிறகு பொத்தான் தானாக வெளியே வரும். பழசாகிவிட்டால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒருவர் புது ஃப்ரிட்ஜே வாங்கிவிட்டார், பழையதில் அந்தப் பொத்தானைப் பேனா மூடியால் நெம்பியதும் ஓட ஆரம்பித்தது. குமிழைக் கடைசி வரை திருப்பியும் அசையவில்லையென்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்து டேப் சுற்றி, அப்புறம் ப்ளக்கைப் போடுங்கள். கம்ப்ரசர் ஓடினால் குற்றவாளி தெர்மோஸ்டாட். புதிது மாட்டும்போது அதன் மெல்லிய செம்புக் குழலின் நுனி ஃப்ரீசர் தகட்டில் பழையது எங்கே எப்படி அழுந்தி இருந்ததோ அங்கேயே அப்படியே அழுந்தி இருக்க வேண்டும். அது அந்தரத்தில் தொங்கினால் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடும், உள்ளே இருக்கும் தக்காளி எல்லாம் கல்லாகிவிடும்.

முனகி "டிக்" அடிப்பதுதான் பழைய ஃப்ரிட்ஜில் நான் அதிகம் பார்த்தது. முதலில் வோல்டேஜ் பாருங்கள், அதுவும் கம்ப்ரசர் ஸ்டார்ட் எடுக்க முயலும் அந்த நொடியில், ஃப்ரிட்ஜ் ப்ளக் பாயின்ட்டிலேயே. சும்மா இருக்கும்போது 220 காட்டும், ஸ்டார்ட் எடுக்கும்போது 170-க்கு விழும், அப்படியென்றால் தப்பு வீட்டு வயரிங்கிலோ ஸ்டெபிலைசரிலோ இருக்கிறது. வோல்டேஜ் சரியென்றால் கம்ப்ரசர் பக்கவாட்டில் உள்ள சின்ன மூடியைத் திறங்கள், கண்டிப்பாக ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு. உள்ளே ரிலேயும், சூடு மீறினால் கரண்டை வெட்டும் ஓவர்லோடு வட்டமாகவும் இருக்கும். எங்கள் ஃப்ரிட்ஜ் ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டியபோது உள்ளே மணல் மாதிரி கரகரவென்றது, பிரித்தால் கான்டாக்ட் இரண்டும் கரியாகி ஒரு பக்கம் உருகி இருந்தது. நல்ல காயில் ரிலேயை ஆட்டினால் இரும்புத் துண்டு ஒன்று "டக் டக்" என்று சுத்தமாக மேலும் கீழும் போகும். அந்த இரும்பு தன் எடையாலேயே கீழே விழுந்துதான் ஸ்டார்ட் வைண்டிங்கை, அதாவது மோட்டாரைக் கிளப்ப மட்டும் இருக்கும் கம்பிச்சுருளை, துண்டிக்கிறது, அதனால் ரிலேயைத் தலைகீழாக மாட்டினால் ஸ்டார்ட் வைண்டிங் விடாமல் கரண்ட் குடித்து எரிந்து போகும். மேல் எது என்று சிலவற்றில் அம்புக்குறி போட்டிருக்கும், இல்லையென்றால் கழற்றுவதற்கு முன் போட்டோ. கடையில் இப்போது பெரும்பாலும் பிடிசி ரிலேதான் (அசையும் இரும்பு இல்லாமல், சூடேறித் தானே கரண்டை அடக்கும் வகை) கொடுப்பார்கள், அதற்கு இந்த மேல் கீழ் தொல்லை கிடையாது, ஆனால் ஒரு தடவை நின்றால் அது ஆற நான்கைந்து நிமிஷம் விடவேண்டும், உடனே ஆன் பண்ணினால் முனகத்தான் செய்யும்.

ரிலே கழன்றிருக்கும்போதே கம்ப்ரசரின் மூன்று பின்னையும் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். காமன், ஸ்டார்ட், ரன் என்று மூன்று. எந்த இரண்டுக்கு நடுவில் அதிக ஓம் வருகிறதோ அவை ஸ்டார்ட்டும் ரன்னும், மிச்சம் இருப்பது காமன். கணக்கு ஒன்று உண்டு: காமன்-ரன் 18, காமன்-ஸ்டார்ட் 30 வந்தால், ஸ்டார்ட்-ரன் 48 வரவேண்டும், அதாவது இரண்டின் கூட்டுத்தொகை. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், கூட்டல் மாறாது. அப்புறம் ஒவ்வொரு பின்னுக்கும் கம்ப்ரசர் உடம்புக்கும் நடுவில், பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, அளந்தால் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் வைண்டிங் கம்ப்ரசர் உடம்போடு ஷார்ட் ஆகிவிட்டது, வேறு கம்ப்ரசர்தான் வழி. எல்லாம் சரி, ரிலேயும் புதிது, இன்னும் முனகல் என்றால் வருஷக்கணக்காக ஓடாததில் பிஸ்டன் பிடித்திருக்கலாம். ரப்பர் சுத்தியலால் கம்ப்ரசரின் பக்கவாட்டில் நாலு தட்டு தட்டிக்கொண்டே ஸ்டார்ட் கொடுப்பது பழைய வைத்தியம், சில சமயம் பலிக்கும். பத்து விநாடிக்கு மேல் முனக விடாதீர்கள்.

இனி மூன்றாவது வகை, ஓடுகிறது ஆனால் குளிர்வதில்லை. இங்கேதான் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கன்டென்சரைத் தொட்டுப் பாருங்கள், மேல் வளைவுகள் நன்றாகச் சுட்டு, கீழே வர வர வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் சுற்றுகிறது. பிறகு தலையை ஃப்ரீசருக்குள் விட்டுக் காது கொடுங்கள். கொதிக்கும் ரசம் மாதிரி "ஸ்ஸ்... களக் களக்" என்று கேட்டால் நல்ல சகுனம். ஃப்ரீசரின் மேல் பனி எப்படிப் படிகிறது என்பதுதான் முக்கியமான சாட்சி: எல்லாப் பக்கமும் மெல்லிய வெள்ளையாகப் படிந்தால் கேஸ் சரியாக இருக்கிறது, நீங்கள் தேட வேண்டியது கதவையும் உடம்பையும். குழாய் உள்ளே நுழையும் மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பனி, மற்ற இடம் ஈரம் மட்டும் என்றால் கேஸ் குறைவு. எங்கேயும் பனி இல்லை, கன்டென்சரும் சுடவில்லை, சத்தமும் இல்லை என்றால் கேஸ் சுத்தமாக இல்லை, அல்லது கேப்பிலரி, அதாவது ஃப்ரீசருக்குக் கேஸ் கொண்டுபோகும் மெல்லிய குழாய், அடைப்பு, அல்லது கம்ப்ரசர் வால்வு போய்விட்டது. இன்னொன்றும் உண்டு: சில மணி நேரம் அருமையாகக் குளிர்ந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும், ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணிக் காலையில் போட்டால் மறுபடி குளிரும். அது உள்ளே ஈரம். கேப்பிலரி ஃப்ரீசரில் சேரும் நுனியில் அந்த ஈரம் ஐஸ் கட்டி அடைக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் "புஸ்" என்று கேஸ் பாயும் சத்தம் கேட்கும், உறுதி.

கதவுக்கு வருவோம். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள், பிடித்து வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கேஸ்கட், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை, போய்விட்டது. கிழியாமல் சப்பையாக மட்டும் இருந்தால் கழற்றிச் சுடுதண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்து மறுபடி மாட்டினால் பழைய வடிவத்துக்கு வரும், கிழிந்திருந்தால் அளவு கொடுத்தால் வெட்டி ஒட்டித் தருகிற கடைகள் உண்டு. ரொம்பப் பழைய மாடலில் காந்தக் கேஸ்கட் இருக்காது, கைப்பிடியைத் திருகினால் பூட்டும் கொண்டி இருக்கும், அந்தக் கொண்டியை இறுக்கினாலே நோட்டு பிடிக்கும். ஆனால் அந்தக் கொண்டி ஆபத்தானது. உள்ளே இருந்து திறக்க முடியாது, ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய் மூடிக்கொண்டால் கத்துவதும் வெளியே கேட்காது. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்துதான் 1956-ல் உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவு வேண்டும் என்று சட்டமே வந்தது. ரிப்பேர் முடியும் வரை கொண்டியைக் கழற்றி வையுங்கள், அல்லது கதவையே கழற்றிச் சாத்தி வையுங்கள்.

நோட்டு பிடிக்கிறது, பனியும் சரியாகப் படிகிறது, இருந்தும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது, வெளித் தகரம் வியர்க்கிறது என்றால் சுவருக்குள் இருக்கும் கண்ணாடிப் பஞ்சு நனைந்திருக்கும். ஃபோம் வருவதற்கு முன்னால் எல்லாம் இந்தப் பஞ்சுதான். பின் தகட்டைக் கழற்றி, முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு பஞ்சை எடுத்து மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். நான் அரைக்கை பனியனோடு செய்தேன், மூன்று நாள் சொறிந்தேன்.

இத்தனையும் பார்த்த பிறகும் பனி மூலையில் மட்டும்தான் என்றால், சரி, இப்போது கேஸ். ஆனால் நிரப்புவதற்கு முன் ஓட்டை எங்கே என்று தெரியவேண்டும். கேஸோடு ஆயிலும் சேர்ந்து கசியும் என்பதால் குழாய்களில் எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் எங்கே என்று டார்ச் அடித்துத் தேடுங்கள், சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஃப்ரீசர் தகட்டில்தான் இருக்கும், காரணம் கத்தி. என் நண்பன் வீட்டில் ஐஸில் ஒட்டிய மீன் பொட்டலத்தைத் தோசைத் திருப்பியால் நெம்பினார்கள், "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம், கதை முடிந்தது. அலுமினியத் தகட்டுக்கு நடுவில்தான் கேஸ் ஓடும் வழி இருக்கிறது, அதன் சுவர் மிக மெல்லியது. சின்ன ஓட்டையை நன்றாகச் சுத்தம் செய்து இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி வைத்து அடைத்தது வருஷக்கணக்கில் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் பெயர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டத்தை நீங்களே செய்ய வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். மிச்சமிருக்கும் கேஸை வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு வைக்கக் கூடாது, ஆர்-12 தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். ஓட்டை பார்க்க அழுத்தம் ஏற்றுவது நைட்ரஜனில் மட்டும். வெல்டிங் ஆக்ஸிஜன் கையில் இருக்கிறதே என்று அதை ஏற்றினால் உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து கம்ப்ரசர் குண்டு மாதிரி வெடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரைப் புதிதாக மாற்றியே ஆகவேண்டும், கேப்பிலரி பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி. வேக்கம் போடுவது, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது, நிஜமான வேக்கம் பம்ப்பால், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். பழைய கம்ப்ரசர் ஒன்றை மாட்டி ஐந்து நிமிஷம் உறிஞ்சிவிட்டு "ஆச்சு" என்பவரை அனுப்பிவிடுங்கள், மேலே சொன்ன ஐஸ் அடைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

எந்தக் கேஸ் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டு, 2010-க்குள் இந்தியாவிலும் ஃப்ரிட்ஜுக்காகத் தயாரிப்பது நின்றுபோனது. "ஒரிஜினல் ஆர்-12 வச்சிருக்கேன்" என்று யாராவது சொன்னால் டப்பாவில் என்ன இருக்கும் என்பது அவருக்கே தெரியாது. ஆர்-134ஏ கடையில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் உங்கள் பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயிலோடு அது கலக்காது, ஆயில் ஃப்ரீசரிலேயே தேங்கி கம்ப்ரசர் வறண்டு போகும். புது ஃப்ரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், ஆயிலோடு ஒத்துப்போகும், ஆனால் அதற்கு ஒரு தடவைக்கு அதிகக் கேஸ் இழுக்கும் பெரிய கம்ப்ரசர் வேண்டும், பழையதில் தனியாகப் போட்டால் குளிர் பாதிதான் வரும். பொருந்துவது புரொப்பேனும் ஐசோபியூட்டேனும் ஏறக்குறைய சரிபாதி கலந்த ஹைட்ரோகார்பன் கலவை. ஆயில் மாற்ற வேண்டாம், கேப்பிலரியும் அதேதான். அளவு மட்டும் தகட்டில் உள்ள ஆர்-12 எடையில் 40 முதல் 45 சதவீதம். 100 கிராம் என்று போட்டிருந்தால் 40-45 கிராம்தான், தராசு வைத்து எடை போட்டு ஏற்றவேண்டும், மீட்டர் முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றினால் பத்து கிராம் கூடினாலே குழாய் வெளியே வரை பனி கட்டும்.

இது எரியும் வாயு, மறக்காதீர்கள். காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், உங்கள் ரிலே இருப்பதும் அதே உயரத்தில்தான். அதனால் பொறி பறக்கும் பழைய காயில் ரிலேயை எடுத்துவிட்டுப் பிடிசி ரிலே போடுங்கள், உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட், லைட் சுவிட்ச் இரண்டையும் மூடிய வகைக்கு மாற்றுங்கள், ஸ்டோர் ரூமில் அடைத்து வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள், பின்பக்கம் "எரியும் கேஸ்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அடுத்து வரும் மெக்கானிக் நெருப்போடு வருவார். சமையல் சிலிண்டரிலிருந்தே ஏற்றிவிடுகிறேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் கலவை விகிதம் நிலையில்லை, ஈரமும் வாசனைக்குச் சேர்த்த கந்தகச் சரக்கும் வேறு, வாசல் வரை அழைத்துப்போய் வழியனுப்பிவிடுங்கள்.

முடிந்ததும் காலியாகவே ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் தெர்மாமீட்டர், குமிழ் நடுவில். காலையில் 3 முதல் 6 டிகிரிக்குள் இருந்தால், கம்ப்ரசரும் அவ்வப்போது நின்று நின்று ஓடினால், பால் பாத்திரத்தை உள்ளே வைக்கலாம். எங்களுடையது முதல் நாள் 9-ல் நின்றது, குமிழைக் குளிர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பியதும் மறுநாள் 5.

பனி கால் அங்குலம் ஏறியதும் ஆஃப் பண்ணிவிட்டு, ஒரு கிண்ணம் கொதிக்கும் தண்ணீரை ஃப்ரீசருக்குள் வைத்து மூடுங்கள். இருபது நிமிஷத்தில் பாளம் பாளமாகத் தானே விழும். தோசைத் திருப்பியை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.